இடுப்பு மூட்டு மாற்று: எனக்கென்றே அச்சடிக்கும் 'வழிகாட்டி' தேவைதானா?

சாய்நடை (திண்டுக்கல்)

வணக்கம். வயது 41, பள்ளி ஆசிரியை. பிட்டம் முன்னே வந்த பிரசவத்தில் பிறந்தவள். இடது இடுப்பு மூட்டு பிறந்தபோதே சரியாக அமையவில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "பெண் கொஞ்சம் தாமதமாக நடக்கிறாள்" என்று விட்டுவிட்டார்கள். பள்ளியில் எனக்கு 'வாத்து' என்று பெயர். இருபது வருடமாக இடது செருப்பின் அடியில் ரப்பர் அட்டை ஒட்டித்தான் நடக்கிறேன். பேருந்து நிலையத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் என் காலைப் பார்க்காமலே அளவு சொல்லிவிடுவார்.

இரண்டு வருடமாக வலி தாங்க முடியவில்லை. கரும்பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பதற்குள் மேசையைப் பிடித்துக்கொள்கிறேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "தொடை எலும்பின் பந்து இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்காரவில்லை, மேலே ஏறி நிற்கிறது, பந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று நான்கு நிலையாகப் பிரிக்கும் குரோவ் வகைப்பாட்டில் மூன்றாம் நிலை, கால் மூன்றரை சென்டிமீட்டர் குட்டை" என்றார். முழு மூட்டு மாற்றுதான் வழியாம். அதில் எனக்குக் குழப்பமில்லை.

குழப்பம் மதிப்பீட்டுச் சீட்டில் இருக்கிறது. 'முப்பரிமாணத் திட்டமிடல், தனிநபர் வழிகாட்டி: ரூ. 38,000' என்று ஒரு வரி. என் எலும்பை ஸ்கேன் செய்து அதற்கேற்ப அச்சடிப்பார்களாம். அப்படியென்றால் மூட்டே எனக்கென்று தனியாகச் செய்வதா? வேண்டாம் என்றால் அறுவை மோசமாகிவிடுமா? கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

---

கார்மேகம்77

சகோதரி, புதிய தொழில்நுட்பம் என்றால் நல்லதாகத்தான் இருக்கும். யோசிக்காமல் செய்துகொள்ளுங்கள்.

---

தறியோசை (கோயம்புத்தூர்)

அக்கா, இந்த வழிகாட்டிகளைக் கணினியில் வடிவமைப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் சலித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் குழப்பம்: வழிகாட்டி உங்கள் உடம்புக்குள் தங்காது. தையல்காரர் துணிமேல் அட்டையை வைத்துக் கோடு போட்டுவிட்டு எடுத்துவிடுகிறார் அல்லவா, அந்த அட்டைதான் இது. உள்ளே பொருத்தும் மூட்டு பெரும்பாலும் கடையில் கிடைக்கும் அளவுகளில் ஒன்றாகவே இருக்கும்.

செய்முறை இப்படி. இடுப்பை 1 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய சீவல்களாக சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். முழங்கால் முனையையும் சேர்த்து எடுக்க வேண்டும். தொடை எலும்பின் கழுத்து எவ்வளவு முன்பக்கம் திருகியிருக்கிறது என்பதை முழங்கால் முண்டுகளோடு ஒப்பிட்டுத்தான் அளக்க முடியும். இயல்பில் 15 பாகையை ஒட்டி இருக்கும் இந்தத் திருகல், உங்களைப் போன்றவர்களுக்கு 40-ஐத் தாண்டியும் நான் பார்த்திருக்கிறேன். இடுப்போடு ஸ்கேனை நிறுத்திவிட்டு எனக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. திருப்பி அனுப்பிவிடுவேன். நோயாளி மறுபடி போய்ப் படுக்க வேண்டும், மறுபடி கதிர்வீச்சு.

பிறகு பந்தையும் கிண்ணத்தையும் திரையில் பிரிக்க வேண்டும். கேட்க எளிது. தேய்ந்த மூட்டில் இரண்டுக்கும் இடையில் இடைவெளியே இருக்காது, மென்பொருள் இரண்டையும் ஒரே எலும்பாக ஒட்டிவிடும். சீவல் சீவலாகக் கையால் கோடு போட்டுப் பிரிக்கிறேன். என் கோடு 2 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் வழிகாட்டியும் பொய் சொல்லும்.

அதற்குப் பிறகு, கிண்ணம் எங்கே, எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்பதை அறுவை மருத்துவர் முடிவு செய்கிறார். இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள். முடிவு அவருடையது. அந்த முடிவை எலும்பின்மேல் கொண்டுவந்து நிறுத்தும் சட்டம்தான் வழிகாட்டி. கிண்ணத்தின் விளிம்பில் மூன்று நான்கு இடங்களில், பல் மருத்துவர் எடுக்கும் அச்சைப் போல, அச்சு அசலாகப் பதியும்படி அதன் அடிப்பகுதி இருக்கும். மேலே ஒரு குழல். அதன் வழியே மெல்லிய கம்பியை எலும்பில் ஏற்றிவிட்டு வழிகாட்டியை எடுத்துவிடுவார்கள். கிண்ணத்தைக் கடையும் கருவி அந்தக் கம்பியின் திசையில் போகும். தொடை எலும்பின் கழுத்தை வெட்டுவதற்கும் தனியாக ஒன்று உண்டு.

நாங்கள் நைலான் தூளை லேசரால் உருக்கி அடுக்கி அச்சடிக்கிறோம். எண்ணம் ஒன்றும் புதிதில்லை. ஜெர்மனியின் ஆகன் நகரில் ராடர்மாகர் குழு இதைப் பற்றி 1998-லேயே எழுதிவிட்டது. அச்சுப்பொறி மலிவான பிறகுதான் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

---

புளியங்கொட்டை

38,000 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதைச் செய்கிறவரே வந்து நியாயமும் பேசுகிறார்.

ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் செயற்கை மூட்டு வைத்தபோது எந்தக் கணினி இருந்தது? கண்ணும் கையும் இருந்தன. எனக்குத் தெரிந்தவரை இதைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: கிண்ணத்தின் கோணம் திட்டத்துக்கு இன்னும் நெருக்கமாக அமைகிறது. சரி, நோயாளி அதனால் கூடுதலாக நன்றாக நடந்தாரா, மூட்டு கூடுதல் வருடம் உழைத்ததா? அங்கே பேச்சு தணிந்துவிடுகிறது.

அந்தக் கோணத்தின் கதையையும் கேளுங்கள். மூட்டு நழுவாமல் இருக்கக் கிண்ணத்தின் சாய்வு 40 பாகை, முன்திருப்பம் 15 பாகை, இரண்டிலும் 10 கூடலாம், 10 குறையலாம் என்று 1978-இல் லூவினெக் குழு ஒரு 'பாதுகாப்பான வட்டம்' வரைந்தது. 2016-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் தன்னிடம் மூட்டு நழுவிய நோயாளிகளை எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிண்ணம் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது! வட்டமே ஐயத்துக்குரியது என்னும்போது, அதன் நடுப்புள்ளியை அடிக்க 38,000 ரூபாய் எதற்கு?

---

பச்சைமேலங்கி (ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை)

புளியங்கொட்டை ஐயா, பாதி சரியாகச் சொன்னீர்கள். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். 27 வருடம் அறுவை அறையில் கருவி எடுத்துக் கொடுத்தவள். நடந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

கடைசி இரண்டு வருடத்தில் இந்த வழிகாட்டிகள் வர ஆரம்பித்தன. கூடவே நோயாளியின் இடுப்பெலும்பும் வெள்ளையாக அச்சாகி வரும். நான் அந்த வெள்ளை எலும்பில் வழிகாட்டியை வைத்துப் பார்ப்பேன். ஜாடிக்கு மூடி போட்டதுபோல் உட்காரும், அசைத்தால் அசையாது. ஆசையாக இருக்கும்.

ஒருநாள், உங்களைப் போல ஒரு பெண். மூட்டைத் திறந்து, பந்தை வெட்டி எடுத்துவிட்டு, டாக்டர் வழிகாட்டியை வாங்கி வைத்தார். தாளம் போட்டது. ஒரு காலுக்கு அடியில் அட்டை வைக்காத மேசை ஆடுமே, அப்படி. எடுத்தார், கழுவினோம், மறுபடி வைத்தார், மறுபடி ஆடியது. இளைய டாக்டர் விரலால் அழுத்திப் பிடித்தார். பெரியவர் அவர் கையைத் தட்டிவிட்டு, "அழுத்தினால் எங்கே வேண்டுமானாலும் உட்காரும், அதற்கு வழிகாட்டி எதற்கு?" என்றார். பிறகு விளிம்பில் மிச்சமிருந்த குருத்தெலும்பையும் தடித்துப்போன சவ்வையும் பொறுமையாகச் சுரண்டினார். கால்மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம் வைத்தபோது 'டக்' என்று உட்கார்ந்தது. எனக்கே கேட்டது.

சி.டி. ஸ்கேனில் எலும்பு தெரியும், குருத்தெலும்பும் சவ்வும் சரியாகத் தெரியாது. வழிகாட்டி வெறும் எலும்பின்மேல் உட்காரவே செய்யப்படுகிறது. இந்தக் குறை உள்ளவர்களுக்கோ விளிம்புச் சவ்வு வழக்கத்தைவிடத் தடித்துப் போயிருக்கும்.

இன்னொரு நாள் எவ்வளவு சுரண்டியும் உட்காரவே இல்லை. அதே டாக்டர் அதைத் தட்டில் போட்டுவிட்டு, பழையபடி கண்ணாலும் எக்ஸ்ரே கருவியாலும் பார்த்து முடித்தார். நான் மதித்தது அதைத்தான். வழிகாட்டி இல்லாமல் இந்த அறுவையைச் செய்யத் தெரியாதவர் கையில் வழிகாட்டியைக் கொடுக்கக் கூடாது.

குழலுக்குள் உலோக உறை இல்லாத வழிகாட்டியும் வந்ததுண்டு. துளையிடும்போது பிளாஸ்டிக் துருவல் காயத்துக்குள் விழும். ஒவ்வொரு துணுக்காகக் கழுவி எடுக்க வேண்டும். தறியோசைத் தம்பி, உங்களுடையதில் உறை இருக்கிறதா?

---

தறியோசை

இருக்கிறது அக்கா. முதல் வருடம் இல்லை. உங்களைப் போன்ற ஒரு செவிலியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு போட்டோம்.

---

சாய்நடை

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. 'தாளம் போட்டது' என்று படித்ததும் வயிற்றைப் பிசைந்தது, ஆனாலும் நன்றி அக்கா.

இரண்டு கேள்விகள். எனக்கு வலது பக்கமும் லேசான குறை இருக்கிறதாம், பிறகு பார்க்கலாம் என்றார். அதற்கும் இது தேவைப்படுமா? கால் நீளம் சமமாகிவிடுமா? செருப்புப் பெரியவரிடம் இனி வர மாட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

---

முதுநிலை இரண்டு (எலும்பியல் மேற்படிப்பு மாணவன்)

பெயர் போட முடியாது, துறைத் தலைவர் படித்தாலும் படிப்பார்.

அம்மா, உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் உங்களுக்கு வைத்தியம் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன். சாதாரணத் தேய்மானத்தில் கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கடைந்து புதியதை வைத்தால் போதும். உங்களுக்குப் பந்து மேலே ஏறி நாற்பது வருடமாக அங்கேயே உரசியிருக்கிறது. அதனால் மேலே ஒரு பொய்க்கிண்ணம் உருவாகியிருக்கும். உண்மையான கிண்ணம் கீழே, சிறியதாக, ஆழமில்லாமல், முன்பக்கச் சுவர் மெலிந்து கிடக்கும். திறந்து பார்க்கும்போது பொய்க்கிண்ணம்தான் கண்ணை இழுக்கும். அங்கே வைத்தால் எலும்புப் பிடிமானமும் குறைவு, காலும் குட்டையாகவே நிற்கும். உண்மையான இடத்தைக் கண்டுபிடித்து, அந்தச் சின்ன எலும்பில் 44 மில்லிமீட்டர் அளவுக் கிண்ணம் ஒன்றை முன்சுவர் உடையாமல் பதிப்பதுதான் சவால். மேலே மூடாமல் நிற்கும் பகுதிக்கு, வெட்டி எடுத்த உங்கள் பந்தையே எலும்பு ஒட்டாகத் திருகி வைப்பதும் உண்டு.

புளியங்கொட்டை ஐயா கோணத்தைப் பற்றி மட்டும் பேசினார். இந்த நோயாளிகளுக்குக் கோணத்தைவிட இடம் முக்கியம். மூன்றரை சென்டிமீட்டர் மேலே வைத்துவிட்டு 40 பாகை சரியாக இருந்து என்ன பயன்? வழிகாட்டி இல்லாவிட்டாலும் அந்த முப்பரிமாணத் திட்டமிடல் எனக்கு வேண்டும். என் பேராசிரியர் அச்சடித்த எலும்பை அறுவைக்கு முந்திய நாள் மேசையில் வைத்துக்கொண்டு கடைந்தே பார்ப்பார். வழிகாட்டியை வாங்குவதில்லை. மாதிரி எலும்பு மட்டும் போதும் என்பார்.

கால் நீளம்: ஒரே இழுப்பில் 4 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டினால் தொடையின் பின்னால் ஓடும் பெரிய நரம்புக்கு ஆபத்து கூடும் என்பது எங்களுக்குப் பாலபாடம். முழுவதும் விலகிப்போன நான்காம் நிலையில் தொடை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குட்டையாக்கிய பிறகே கீழே இறக்குவார்கள். எங்கே வெட்டுவது, எவ்வளவு திருப்பி ஒட்டுவது என்பதில் வழிகாட்டி நல்ல உதவி. உங்கள் மூன்றரை எல்லைக்கு உட்பட்டிருக்கிறது. ஆனால் அந்த மூன்றரையில் இடுப்பு சரிந்து நிற்பதால் வருவது எவ்வளவு, உண்மையான குட்டை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். செருப்புக்காரரிடம் இப்போதே விடைபெற வேண்டாம்.

இன்னொன்று. ஸ்கேனை மல்லாந்து படுத்து எடுக்கிறார்கள். நிற்கும்போது இடுப்பெலும்பு வேறு விதமாகச் சாயும். வருடக்கணக்கில் சாய்ந்து நடந்தவர்களுக்கு முதுகும் வளைந்திருக்கும். படுத்த நிலையில் போட்ட கோணம் நிற்கும்போது அதே கோணமாக இருக்காது. நின்று எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேயையும் திட்டத்தில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். மேயோ செய்தியின் பின்னால் இருப்பதும் பெருமளவுக்கு இதுதான் என்பது என் எண்ணம்.

---

புளியங்கொட்டை

தம்பியின் பேராசிரியரை எனக்குப் பிடித்துவிட்டது. திட்டமும் மாதிரி எலும்பும் வேண்டும், வழிகாட்டி வேண்டாம். நானும் அதைத்தானே சொன்னேன்?

---

தறியோசை

நீங்கள் சொன்னது "பிளாஸ்டிக் துண்டு". ஆனால் சண்டை வேண்டாம். வருடத்துக்கு இதுபோல் ஐம்பது செய்கிறவருக்கு மாதிரி எலும்பு போதும். மூன்றோ நான்கோ செய்கிறவருக்கு அந்தத் திசைக்கம்பி உதவும். நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம்.

செலவில் அச்சுக்கூலி சிறு பங்கு. பெரும்பங்கு, திரைமுன் நான் உட்காரும் நேரமும் மருத்துவர் என்னோடு பேசும் நேரமும். சில ஊர்களில் அந்தப் பேச்சு நடப்பதே இல்லை. உதவியாளர் அலைபேசியில் "சரி" என்று ஒரு சொல் அனுப்புவார், நாங்கள் அச்சடித்துவிடுவோம். 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள், ஒருவருக்கென்றே செய்யும் கருவி உரிய மருத்துவரின் எழுத்துச் சீட்டின்பேரில், அவர் பொறுப்பில் செய்யப்படுவது என்றுதான் சொல்கின்றன. ஆகவே அக்கா, "திட்டத்தை நீங்களே திரையில் பார்த்து மாற்றினீர்களா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். முதல் வரைவையே மாற்றாமல் ஏற்றுக்கொள்கிறவரைவிட, இரண்டு தடவை திருப்பி அனுப்பி என்னை எரிச்சலூட்டுகிறவரிடம்தான் நான் என் அம்மாவைக் கூட்டிப்போவேன்.

---

இரட்டைத்தையல் (ஈரோடு)

நான் இரண்டு பக்கமும் செய்துகொண்டவள். வலது 2015-இல், வழிகாட்டி எதுவும் இல்லாமல். இடது 2021-இல், வழிகாட்டியோடு. உண்மையைச் சொன்னால் இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வலதுதான் கொஞ்சம் மேல். இது ஒருத்தியின் கதை, கணக்கில் எடுக்க வேண்டாம்.

சாய்நடை, உங்கள் வலது பக்கக் கேள்விக்காக எழுதுகிறேன். ஒரு பக்கம் உலோகம் வைத்த பிறகு சி.டி. எடுத்தால், அந்த உலோகத்திலிருந்து படமெங்கும் கீற்றுக் கீற்றாகப் பளிச்சென்று அடிக்கிறது. என் முதல் ஸ்கேன் உதவாது என்றார்கள். உலோகக் கீற்றைக் குறைக்கும் வசதியுள்ள வேறு கருவியில் எடுத்த பிறகே எலும்பு தெளிவாக வந்தது. இப்போது எடுக்கும் ஸ்கேனில் இரண்டு பக்கமும் முழுமையாக இருக்கட்டும், குறுந்தகட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். சில வருடம் கழித்தால் எலும்பு மாறியிருக்கும், அதைக்கொண்டே வழிகாட்டி செய்ய முடியாது. ஆனாலும் உலோகமில்லாத படம் ஒன்று கையில் இருப்பது நல்லது.

அறுவைக்குப் பிறகு வீட்டில் எனக்குப் பெரும்பாடு கழிப்பறைதான். குந்தும் கழிப்பறையை மாற்றாமல் அறுவைக்குப் போய்விட்டு, வாக்கரோடு திரும்பி வந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். அதை முதலில் மாற்றுங்கள்.

---

மணிமேடை

இழைக்கு வெளியே ஒன்று. நம் வீடுகளில் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைப்பார்களே, அது நல்லதா கெட்டதா? என் மருமகள், "இடுப்பில் வைத்தால் கால் வளைந்துவிடும்" என்று என்னைத் தடுக்கிறாள்.

---

முதுநிலை இரண்டு

நல்லது ஐயா. கால்களை அகட்டி இடுப்பில் உட்கார வைக்கும்போது பந்து கிண்ணத்துக்குள் அழுந்தி நிற்கும். இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்து இறுக்கித் துணியில் சுற்றுவதுதான் ஆகாது. மருமகளிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

சாய்நடை அம்மா, உங்களுக்குப் பெண் குழந்தை உண்டா? இந்தக் குறை பெண்களுக்கு அதிகம், குடும்பத்திலும் தொடரும். பெரிய பெண் என்றால் இடுப்புக்கு ஒரு எக்ஸ்ரே போதும். தேய்வதற்கு முன்பே தெரிந்தால், கிண்ணத்தைச் சுற்றி வெட்டி, பந்தை நன்றாக மூடும்படி திருப்பி வைக்கும் அறுவை இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கான்ஸ் குழு 1980-களில் வகுத்த முறை. சொந்த மூட்டே பல வருடம் ஓடும்.

---

சாய்நடை

பெண் இருக்கிறாள், 16 வயது, பள்ளி கபடி அணியில் ஆடுகிறாள். அவளுக்கும் எக்ஸ்ரேக்குச் சீட்டு வாங்கிவிட்டேன்.

நேற்று டாக்டரைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். அவர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார், கோபிக்கவில்லை. கணினியைத் திருப்பி, முன்பு அவர் செய்த வேறொருவரின் திட்டத்தைப் பெயரை மறைத்துக் காட்டினார். கிண்ணத்தை எங்கே வைக்கலாம் என்று நான்கு வரைவுகள். மூன்றாவதில் சிவப்புக் கோடு போட்டு 'முன்சுவர் மெலிவு' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. "வழிகாட்டி உட்காராவிட்டால்?" என்று கேட்டேன். "தூக்கிப் போட்டுவிடுவேன். நான்கு தடவை போட்டிருக்கிறேன். அதற்காகப் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. செய்துகொள்ளப் போகிறேன், வழிகாட்டியோடு.

கால் நீளத்தில் மூன்று சென்டிமீட்டர்வரை கொண்டுவர முயல்வதாகவும், மிச்சத்துக்கு மெல்லிய அட்டை தேவைப்படலாம் என்றும் சொன்னார். செருப்புப் பெரியவருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஸ்கேன். 'இரு இடுப்பும், முழங்கால் முனையும் சேர்த்து' என்று சீட்டில் எழுதி வாங்கிவிட்டேன்.

---

பச்சைமேலங்கி

நல்லது தங்கையே. ஸ்கேனுக்குப் புடவையில் போகாதீர்கள். எவ்வளவு சொன்னாலும் கொசுவத்தில் குத்திய ஊக்கு ஒன்று மறந்துபோய் உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் தறியோசைத் தம்பி அந்த ஊக்கைச் சுற்றித்தான் கோடு போட வேண்டியிருக்கும்.